தைலம் தொட்ட ஓரம்

மசக்கை தொடங்கியதிலிருந்து எஸ்தருக்குக் கணவனின் வாசனை ஆகவில்லை. சாமுவேல் யூகலிப்டஸ் இலையை அவித்துத் தைலம் இறக்குகிறவன். எத்தனை முறை குளித்தாலும் அந்த வாசனை அவன் தோலை விட்டுப் போகாது. இரண்டு மாதமாகக் கூடத்தில்தான் படுக்கிறான். அவள் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்தால், டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றுகொள்வான்.

அன்று அவளே உள்ளே கூப்பிட்டு, முகக்கவசத்தோடு சுவரோரம் ஒதுங்கி, நுண்ணோக்கியைக் காட்டினாள். குளத்துநீர்ச் சொட்டின் ஓரத்தில் அவனுடைய தைலத்தை ஊசிமுனையால் தொட்டு வைத்திருந்தாள். அவன் குனிந்து பார்த்தபோது ஒற்றைச் செல் உயிர்கள் கூட்டமாக எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தன.

“அட பாவமே! எல்லாம் உன் சொந்தக்காரங்களா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஒண்ணு மட்டும் திரும்பி வருது எஸ்தரு.”

“வராதுங்க.”

“வருதுங்கறேன், நீயே பாரு” என்றவன், அவள் பார்க்க வசதியாக வழக்கம்போல வாசலுக்கு நகர்ந்தான். இரண்டு மாதமும் இப்படித்தான். அவள் கேட்காமலே விலகினான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

எஸ்தர் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“இத்தன நாள் தள்ளி நின்னது போதும். நில்லுங்க.”

முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தாள். சாமுவேல் தன் மூச்சை அடக்கிக்கொண்டான்.