கரி பஸ்ஸின் படி

ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டேன். இனி மிச்ச ஆளையும் மேலே ஏற்ற வேண்டும்.

மிச்ச ஆள் வர மறுத்தது.

புதுச்சத்திரத்தில் ராசிபுரம் வழியாகச் சேலம் போகிற பஸ் நின்றிருந்தது. நான் அதில் ஏறுகிறேனா, அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேனா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். சன்னலுக்கு ஒரு தலை வெளியே வந்திருந்தது.

கண்டக்டர் குனிந்து கையை நீட்டினார். "கையக் குடுங்கய்யா. நேரமாவுது."

"வேண்டாஞ் சாமி. நானே ஏறிக்கறேன்."

போன தையில் கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து வலது கால் எலும்பை முறித்துக்கொண்டவன் நான். கட்டுப் போட்ட அங்கமுத்து மூங்கில் பத்தையை அவிழ்த்த அன்றே சொல்லிவிட்டான். "எலும்பு சேந்திருச்சுங்க. இனிமே காலுக்குச் சோம்பல்தான். ஏறி எறங்கிப் பழக்குங்க. ஏறறப்ப நல்ல காலு மொதல்ல."

பழக்கினேன். மாட்டுத் தொட்டி ஓரத்தில் கிடக்கிற கல் ஏறக்குறைய பஸ் படி உயரம். காலையும் மாலையும் அதில் ஏறி இறங்கினேன். எங்கள் எருமை தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டு என்னையே பார்க்கும். அதன் கண்ணெதிரே ஒரு நாளும் நான் தடுமாறியதில்லை.

இங்கே பஸ் நிறைய ஆட்களைப் பார்த்ததும் பதறி, கெட்ட காலை முதலில் வைத்துவிட்டேன்.

இறக்கினேன். நல்ல காலை வைத்தேன். கைத்தடியை உள்ளே எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினேன்.

ஏறிவிட்டேன்.

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். எதிரே இருந்த அம்மாள் தன் கோழியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இடம் பார்த்து உட்கார்ந்தேன். மகாராசா மாதிரி இருந்தது.

வண்டி உறுமியது. இருமியது. அப்புறம் அடங்கிவிட்டது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் ஓர் உருளையைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து ஓட்டிய காலம். கண்டக்டர் இறங்கிப் போய் உருளையைக் கிளறிவிட்டு வந்தார்.

"எல்லாரும் எறங்குங்க. தள்ளோணும்."

என்னைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "நீங்க உக்காருங்கய்யா."

அந்தக் குரல்தான் பொறுக்கவில்லை. எழுந்தேன். ஏறி இறங்க அத்தனை பழகியும், கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கியபோது எந்தக் கால் முதலில் என்று மறந்து போயிற்று. எதுவோ ஒன்று தரையைத் தொட்டது.

எல்லாரோடும் சேர்ந்து பஸ்ஸின் முதுகில் கை வைத்தேன். தள்ளினேன் என்று சொன்னால் பொய். பிடித்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு ஒன்று வாங்கிப் போடலாம் போலத் தோன்றியது. அத்தனை நல்ல ஊன்றுகோல்.

ஊன்றுகோல் திடீரென்று உயிர் பெற்று, புகையை என் முகத்தில் விட்டுவிட்டு ஓடிவிட்டது.

கைத்தடி உள்ளே இருந்தது. நான் ரோட்டின் நடுவில் இருந்தேன்.

நின்றால் வண்டி மறுபடியும் அணைந்துவிடும் என்று டிரைவர் மெதுவாக உருட்டிக்கொண்டே போய், தூரத்துப் புளியமரத்தருகே உறுமவிட்டபடி நிறுத்தினார். மற்றவர்கள் ஓடி ஏறிக்கொண்டார்கள். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வரப்பில் நடப்பவன் போல நடந்தேன். முகமெல்லாம் கரி. கண்டக்டர் என்னோடு கூடவே வந்தார், எந்தப் பக்கம் விழுவேன் என்று பார்த்துக்கொண்டு.

படி வந்தது. மறுபடியும் கையை நீட்டினார். மறுபடியும் தலையாட்டினேன். இந்தத் தடவை மாட்டுத் தொட்டிப் பழக்கமெல்லாம் உதவவில்லை. முழங்காலை முதலில் போட்டு, கன்றுக்குட்டி போல ஊர்ந்து ஏறினேன்.

டிக்கெட் கிழிக்கும்போதும் அவருக்குக் கோபம் ஆறவில்லை. "ஏனுங்கய்யா, இத்தனை வீம்பு? கையக் குடுத்தா தேஞ்சா போயிருவீங்க?"

சொல்லிவிட்டேன். காலொடிந்து கிடந்தவனைக் கட்டிலிலிருந்து தூக்கித் தூக்கி என் மனைவி பாவாயிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவளால் நிமிரவே முடியவில்லை. ராசிபுரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிற மகள் சௌந்திரம் வண்டி கட்டி வந்து தாயை அழைத்துப் போய்விட்டாள். என்னையும் கூப்பிட்டாள். மருமகன் வீட்டில் போய் உட்கார எனக்கு மனசில்லை. அப்போது அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"யாரு கையும் புடிக்காம, ஒத்தையா பஸ்ஸேறி வாங்கய்யா. அன்னைக்கு அம்மாவ அனுப்பறேன்."

கண்டக்டர் டிக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப இடுப்பு தேவலைங்களா அவங்களுக்கு?"

"நடக்கறாளாம். குனிஞ்சு நிமுந்தாத்தான் வலிக்குதாம். சாயந்தரம் இதே வண்டிலதான் கூட்டியாரேன்."

"அப்ப, ஆத்தாவுக்காச்சும் நாங் கை குடுக்கலாமுங்களா?"

இத்தனை நாளும் தொட்டியோரத்தில் என் காலைத்தான் ஏற்றி இறக்கினேன். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அவள் இந்தப் படியில் எப்படி ஏறுவாள் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? நினைத்திருந்தால் மாட்டு வண்டி அல்லவா கட்டியிருப்பேன்.

"குடு சாமி," என்றேன். "வாரப்ப ரெண்டு பேருக்குமே குடு."