பரணுக்கு வந்த விருந்தாளி

உள்ளே புகுந்தவனை அடிக்கக் கூடாது, மிரட்டவும் கூடாது, உயிரோடு பிடித்து வெளியே அனுப்ப வேண்டும். மகள் தொலைபேசியில் போட்ட நிபந்தனை இதுதான். மேஸ்திரி சுவர் பூசும் கரணையையும் மாற்றுத் துணியையும் பையில் திணித்துக்கொண்டு அடுத்த பேருந்திலேயே வந்து இறங்கினார்.

வந்து பார்த்தால், ஆசாமி பரண் மூலையில் பழைய தலையணையைக் கிழித்து, பஞ்சை இழுத்துப் போட்டுச் சொகுசாகப் படுத்திருந்தான். ஆள் ஒரு சாண் நீளம், அதில் பாதி வால்.

"ஒரு அணிலுக்கா என்னை இவ்வளவு தூரம் வரச் சொன்னே?"

"உங்களுக்கு அது அணில், எங்களுக்குப் புலிப்பா. ஒரு டப்பாவை விட்டு வைக்கல. இவரைப் பத்தித்தான் தெரியுமே, பல்லியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறிடுவாரு."

மருமகன் அசடு வழியச் சிரித்தபடி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். தானியக் கிடங்கில் மேற்பார்வை வேலை அவருக்கு. விரலில் கட்டு எதற்கு என்று கேட்டதற்கு, மூட்டை தைக்கிற ஊசி பதம் பார்த்துவிட்டது என்றார்.

மேஸ்திரி ஒரு மாதிரியான மனிதர். வேலை இல்லாமல் யார் வீட்டிலும் ஒரு வாய் சோறு தின்றதில்லை, பெற்ற மகள் வீடானாலும் சரி. மனைவி போன பிறகு, "எங்களோடயே வந்து இருங்கப்பா" என்று மகள் எத்தனையோ முறை கெஞ்சியும், "வேலை இருந்தா கூப்பிடு, வரேன்" என்பதற்கு மேல் அவர் இறங்கி வரவில்லை. போன முறை குழாய் ஒழுகுகிறது என்று வந்தவர், ஒழுக்கு நின்ற கையோடு பேருந்து ஏறிவிட்டார்.

முதலில் அணில் புகுந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார். சுவரையும் கூரையையும் தட்டித் தடவிப் பார்த்தும் ஒரு விரல் நுழைகிற இடுக்குகூட அகப்படவில்லை. காலமெல்லாம் சுவரோடு வாழ்ந்தவருக்கு இது பெரிய மானக்கேடு. கண் மங்கிவிட்டது போலும் என்று தன்னையே நொந்துகொண்டு, எலிக்கூண்டில் வேர்க்கடலையைக் கட்டிப் பரணில் வைத்தார்.

மறுநாள் காலை ஏணி ஏறிப் பார்த்தால், அணில் கூண்டுக்குள் சமர்த்தாக உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தது. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தார். அதற்குள் அடுக்களையிலிருந்து அவள் குரல் வந்தது.

"அப்பா, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிட வாங்க."

அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு ஒரு குரல் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அவருடைய வீட்டில் அவராகப் பொங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு அவராகச் சாப்பிட்டு எழுவதுதான் வழக்கம். கை தன்பாட்டுக்குப் போய்க் கூண்டுக் கதவைத் தூக்கிவிட்டது.

கெட்டிக்காரப் பயல், கடலையை மட்டும் கவ்விக்கொண்டு நழுவிவிட்டான் என்று கீழே வந்து கதை அளந்தார். அடுத்த நாள் கூண்டின் கம்பி தளர்ந்துபோயிருந்தது. அதற்கடுத்த நாள் கடலை சொத்தை. இப்படித் தினம் ஒரு சாக்கு. மகளும் மருமகனும் ஒரு கேள்வி கேட்க வேண்டுமே!

"மெதுவாப் பிடிங்க மாமா, அதுவும் ஒரு ஜீவன்தானே" என்று மருமகன் சொன்னபோது, இந்தப் பிள்ளைக்கு இத்தனை கருணையா என்று மேஸ்திரி உருகிப்போனார். அணிலோ கூண்டுக்கே வேலை வைக்காமல் அவர் உள்ளங்கையிலேயே வந்து தின்னப் பழகிவிட்டது.

சாப்பிடும் முன் கண்ணை மூடி ஆண்டவனுக்கு நன்றி சொல்வது அவர் வழக்கம். ஒரு நாள் அப்படிக் கண்ணை மூடினார், வார்த்தை வரவில்லை. பொய் சொல்லிச் சம்பாதித்த சோற்றுக்கு எந்த முகத்தோடு நன்றி சொல்வது? கண்ணைத் திறந்தால், எதிரே மகள் அணில் கடித்த புதுப் போர்வையை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

அப்போதே பரண் ஏறி, அணிலைத் துணிப்பைக்குள் விட்டு, தெருக்கோடிப் பூங்காவுக்குக் கொண்டுபோனார். பையைத் திறந்ததுதான் தாமதம், அது மரத்தில் தாவி மறைந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நன்றி கெட்ட பய" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"பிடிச்சாச்சும்மா. மரத்துல விட்டுட்டேன்."

மகள் முகம் வாடிவிட்டது. "அதுக்குள்ளயாப்பா?" என்றாள். பாவம், அணில்மேல் அவளுக்கும் பாசம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார் மேஸ்திரி.

ஞாயிறு வரையாவது இருந்துவிட்டுப் போகும்படி மருமகன் மன்றாடினார்.

"வேலை முடிஞ்சுது மாப்பிள்ளை. சும்மா உட்கார்ந்து சாப்பிட எனக்கு வராது." பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்.

தெரு முனை தாண்டிய பிறகுதான் மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, பின்பக்கமாக அடுக்களை ஜன்னலை நெருங்கினார். உள்ளே மகள் விசும்பிக்கொண்டிருந்தாள். மருமகன் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னலைத் தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றது. மகள் மூக்கைச் சிந்திவிட்டுத் தீர்மானமாகச் சொன்னாள்:

"இந்தத் தடவை கிடங்குலேர்ந்து ரெண்டாப் பிடிச்சுட்டு வாங்க."