பிடியில் தேயாத இடம்

தன் கணவரின் உயிரைக் குடித்த இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு அந்த அம்மாள் நாற்பதாயிரம் விலை சொன்னார்.

வலது கையில் துணிக்கட்டோடு வீட்டுக்கு வந்திருந்த துப்பாக்கி வியாபாரி உதட்டைப் பிதுக்கினார். குழல்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தொங்கவிட்டுச் சுண்டினார், மணிபோல ஒலித்தது. குழல்களின் பின்னால் சுத்தியல் போலிருந்த இரண்டு குதிரைகளும் இழுத்த இடத்தில் நின்றன. குறை எதுவும் அகப்படாதது அவருக்கு வருத்தமாக இருந்தது.

"லைசன்ஸ் காகிதம் இருக்காம்மா?"

"எங்க துப்பாக்கியா இருந்தாத்தானே காகிதம் இருக்கும்? சுட்டவன் தோட்டத்துல போட்டுட்டு ஓடினது. போலீசுக்குக்கூடக் காட்டாம பதினோரு வருஷமா அலமாரியில பூட்டியே வச்சிருக்கேன்."

கடைசியில் பிடியில் ஒரு குறை கிடைத்தது. செதுக்கல் முழுக்கக் கைபட்டு மழுங்கியிருக்க, நடுவிரல் படும் இடம் மட்டும் புதிதுபோலக் கூராக இருந்தது.

"நடுவிரல் இல்லாதவன் வருஷக்கணக்கா புழங்கின சரக்கும்மா. இருபதுக்கு மேல தாங்காது" என்று சிரித்தபடி துப்பாக்கியைத் தோளில் வைத்தார்.

கை பிடியில் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. அவர் சிரிப்பு நின்றது.

அந்த அம்மாள் அவர் கையில், நடுவிரல் இல்லாத இடத்தில் இருந்த துணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "விரல் எப்பப் போச்சு?"

"போன மாசம்தாம்மா. கடை ஷட்டர்ல நசுங்கிடுச்சு."

வியாபாரி பேரம் பேசாமல் நாற்பதாயிரத்தையும் மேசைமேல் வைத்தார். அவர் தொழிலில் அது முதல் தடவை. அந்த அம்மாள் பணத்தைத் திருப்பித் தள்ளினார்.

"இனி இது விக்கிறதுக்கில்லைங்க."

துப்பாக்கி மறுபடி அலமாரிக்குள் போனது. சாவி அந்த அம்மாள் கைக்குள் போனது.

கடைக்கு வந்து வியாபாரி எண்ணிப் பார்த்தார். நாற்பதாயிரமும் அப்படியே இருந்தது. கணக்கில் குறைந்தது ஒரு விரல்தான்.