கூப்பிடும் பெயர்

"செல்லம்... வா... அப்பாகிட்ட வா..."

கிளி கடித்தது.

கண்ணாடிக் கடைக்காரர் விரலை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். கிளி வந்து ஒன்பது நாள். இது ஐந்தாவது கடி. கடையில் மூக்குக்கண்ணாடியின் பொடித் திருகாணியை முடுக்கப் போனால், பிளாஸ்திரி போட்ட விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

"யாரோ ஒருத்தர் வீட்டிலிருந்து மீட்டது சார். ரொம்பப் பயந்து கிடக்கு. அன்பா பேசுங்க, சரியாயிடும்" என்று சொல்லித்தான் பறவை டாக்டர் காப்பகத்திலிருந்து கொடுத்தனுப்பினார். இவரும் தேனொழுகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏ மண்டு! தின்னா தின்னு, தின்னாட்டி போ!"

மனைவி கொய்யாத் துண்டைக் கம்பிக்குள் நீட்டினாள். கிளி தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு கால், அப்புறம் மறு கால் என்று பக்கவாட்டில் நகர்ந்து வந்தது. அவள் விரலிலிருந்து பூப்போலத் துண்டை வாங்கிக்கொண்டது.

"இது என்னடி நியாயம்? உருகி உருகிக் கூப்பிடுறவன் விரலைக் கிழிக்குது. திட்டுறவ கையில சமத்தா திங்குது!"

"ஆளை எடை போடத் தெரிஞ்ச கிளி."

சோபாவில் சுருண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"மண்டுன்னு எனக்கு வச்ச பேரை அதுக்குத் தூக்கிக் கொடுத்துட்டியாம்மா?"

"நீதான் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டியே. பேரு சும்மாதானே கிடந்துச்சு!"

மகள் சிரித்தாள். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. நாலு நாள் என்று வந்தவள், வாரம் ஒன்றாகியும் கிளம்புகிற பேச்சே எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறாள்.

"நாளைக்கு மாப்பிள்ளை கூட்டிட்டுப் போக வர்றாரு. காலையிலேயே பையை எடுத்து வச்சிரு" என்றார்.

சிரிப்பு அணைந்தது.

"போகலைப்பா."

"போகலைன்னா? அடிக்கிறாரா? திட்டுறாரா? உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கூட நான் கேட்டதில்லை. வாயைத் திறந்தா செல்லம்தான். இந்த மாதிரி ஒருத்தர் கிடைக்கலையேன்னு ஊர்ல எத்தனை பேர் ஏங்குறாங்கன்னு தெரியுமா?"

"அதுதாம்பா..."

"எதுதான்?"

மகள் சோபாவிலிருந்து எழுந்தாள். கூண்டைப் பார்த்தாள். "அதைக் கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாம இருங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அவருக்குத் தலை சுற்றியது. அன்பாகக் கூப்பிட்டால் கிளி கடிக்கிறது. அன்பாகக் கூப்பிடுகிறவரிடம் போக மகள் மறுக்கிறாள். கோளாறு இவர்களிடமா, அன்பிடமா?

மறுநாள் காலை பறவை டாக்டருக்கே போன் செய்தார். பிளாஸ்திரி விரலால் போனைப் பிடிக்க முடியாமல் மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டார். அடுப்படியில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், நீங்க சொன்ன மாதிரிதான் பேசுறேன். என்னை மட்டும் கடிக்குது."

"என்னன்னு கூப்பிடுறீங்க?"

"செல்லம்னுதான்."



"அடடா... உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன் சார். முன்னாடி வச்சிருந்த ஆளும் அப்படித்தான் கூப்பிடுவாராம். வாய் நிறைய செல்லம்னு. அது நம்பி கைக்கு வந்ததும் றெக்கையைப் பிடிச்சு முறுக்குவாராம். ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. அதான் பக்கத்து வீட்டுக்கே ரெண்டு வருஷமா தெரியலை. அந்த வார்த்தையை மட்டும் விட்டுடுங்க."

போன் அணைந்தது. அடுப்படியில் கத்திச் சத்தமும் நின்றிருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

மாப்பிள்ளை. கையில் பழப்பை, முகம் கொள்ளாத சிரிப்பு.

"வணக்கம் மாமா. விரல்ல என்ன?"

"கிளி கடிச்சிடுச்சு."

"வாயில்லாத ஜீவன் மாமா. அன்பா கூப்பிட்டா தானா வரும்." மாப்பிள்ளை பழப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு அறைப் பக்கம் திரும்பி, குரலை இன்னும் குழைத்தார். "செல்லம்... கிளம்பலாமா?"

கூண்டுக்குள் கிளி இறகை ஒடுக்கிக்கொண்டு பின்மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

அப்பா சொன்னபடியே அறை வாசலில் பையோடு நின்ற மகள் முதுகைச் சுவரோடு சேர்த்துக்கொண்டாள். அவள் விரல்கள் முழுக்கைச் சட்டையின் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டன.

அவர் கிளியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடியும் கிளியை. இரண்டு கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, 'இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா' என்று இருபது வருஷமாக ஊரைக் கேட்டவர்.

"மாப்பிள்ளை... நீங்க மட்டும் கிளம்புங்க."

"என்ன மாமா இது? ஒண்ணும் புரியலையே!"

"எனக்கும் இப்பத்தான் புரிஞ்சுது."

பழப்பையைத் திருப்பி மாப்பிள்ளை கையிலேயே கொடுத்துவிட்டு, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏ மண்டு!" அடுப்படியிலிருந்து மனைவியின் அதட்டல். குரல் மட்டும் உடைந்திருந்தது. "பையைக் கொண்டுபோய் உள்ள வை. இட்லி ஆறுது பாரு."

மகள் சுவரை விட்டு, அம்மாவின் பக்கமாக நகர்ந்தாள். ஒரு கால், அப்புறம் மறு கால்.