தேய்ந்த பேரிங்

கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வேலப்பன் புல்லறுக்கும்போது, இன்ஜின் சத்தம் எட்டாத வீட்டுக்கும் அந்தப் பழைய புல்லறுக்கும் மெஷினின் கிறீச் சத்தம் எட்டிவிடும். "மானமே போகுதுங்க, பேரிங்கை மாத்துங்க" என்று மனைவி நாச்சம்மாள்தான் நச்சரித்தாள். மாற்றினார். "இனி உன்ற சத்தம் மட்டுந்தான்" என்று சிரித்தபடி காட்டுக்குப் போனார். இனி கிறீச் சத்தம் வராதென்பதால், மெஷின் நின்றது தெரியாமல் அறுப்பு நடக்கிறதென்றே நினைத்து அவள் சோறு வடித்தாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புல்லில் உயிரில்லாமல் கிடந்ததை மாலையில் ஆடு மேய்ப்பவர்கள்தான் பார்த்தார்கள்.

மழைக்குப் பிறகு புல் மறுபடி முழங்கால் உயரம் நின்றது. மகன் மெஷினைக் கிளப்பத் தயாரானான். நாச்சம்மாள் மாடத்திலிருந்த தேய்ந்த பேரிங்கை எடுத்து நீட்டினாள்.

"இதையே திரும்பப் போட்டுரு சாமி."

"கத்தும்மா. ஊரே சிரிக்கும்."

"கத்தட்டும்."

அவன் அதை விரலில் மாட்டிச் சுழற்றினான்; கிறீச்சிட்டது. அவள் அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.