பாதித் தலை

பாங்க் மேடம் கதவைத் திறந்து உள்ளே வந்தார். நெட்டையைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டு நேராகப் போய் சுருட்டையின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நெட்டைக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

பெண்களுக்கு முடி வெட்டும் அந்த பார்லரில் இரண்டே நாற்காலி. ஜன்னலோரம் இருப்பது சுருட்டைக்கு, மூலையில் இருப்பது நெட்டைக்கு. வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர்கள்தான். ஒருத்திக்கு முடி சுருட்டை, இன்னொருத்தி ஆள் உயரம்.

தலை அலசும் இடத்தில் வழுக்கி விழுந்து சுருட்டையின் வலது தோள் மூட்டு நழுவியபோது, பதறிப்போய் முதலில் ஓடியது நெட்டைதான். அது பொய்யில்லை. ஆனால் சுருட்டை கழுத்திலிருந்து துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த நாட்களில், ஜன்னலோர நாற்காலி நெட்டைக்கு வந்தது. பாங்க் மேடம், டீச்சர், டாக்டர் வீட்டம்மா எல்லோரும் அவளிடம் தலையைக் கொடுத்தார்கள். "அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் கொடுத்தார்கள். அது நெட்டையின் காதில் ஏறவில்லை.

இப்போது மகாராணி திரும்பி வந்துவிட்டாள். கூட்டமும் அவள் பின்னாலேயே போய்விட்டது.

"இங்க கொஞ்சம் வாயேன்," சுருட்டை கூப்பிட்டாள். "மேல் பக்கம் நீ வெட்டிடு. டிரையரும் நீயே போட்டுடு."

"ஏன்க்கா, நீங்களே முடிக்கலாமே?"

"உன் நேர்த்தி எனக்கு வராதுடி. மேடம், இவ வெட்டினா எப்படிப் படிஞ்சு நிக்கும் பாருங்க."

வராதாமே! நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு மீதித் தலையை முடித்தாள். தினமும் இதே கதை. யார் வந்தாலும் சுருட்டை பாதி வெட்டுவாள், பாதியில் கூப்பிடுவாள். பேர் அவளுக்கு, கைவலி இவளுக்கு. நான் என்ன இவளுக்கு எடுபிடியா என்று நெட்டைக்குப் பொருமிக்கொண்டு வந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது சுருட்டையே பேச்சை எடுத்தாள்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன், மனசுல வச்சுக்கோ. ஆபரேஷன் இல்லாமலே தோள் மூட்டை ஏத்தி வச்சுட்டாங்க, சரி. ஆனா ஒரு தடவை நழுவின தோள் மறுபடி நழுவ வாய்ப்பு அதிகமாம். கையைத் தலைக்கு மேல தூக்கற வேலையே கூடாதுன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார்."

"அப்புறம் ஏன்க்கா வரீங்க?"

"சாப்பிடு, ஆறிடும்," என்றாள் சுருட்டை.

ஏன் வருவாள்? நாற்காலியை விட மனசு வரவில்லை. நெட்டை உள்ளுக்குள் கருவிக்கொண்டாள்.

மறுநாள் டீச்சருக்குத் தலை அலசும்போது காதோரம் குனிந்தாள்.

"அக்கா பாவம் டீச்சர். தோள் எப்ப வேணா கழண்டுக்குமாம். கத்தரிக்கோல் கையில இருக்கும்போது ஏதாவது ஆயிடப் போகுதேன்னு எனக்குப் பதைப்பா இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அக்கறை சொட்டச் சொட்டச் சொன்னாள். டாக்டர் வீட்டம்மாவிடமும் அதே அக்கறை. பாங்க் மேடத்திடம் அக்கறை கொஞ்சம் கூடிப்போய் கண்கூடக் கலங்கிவிட்டது.

பலன் தெரிந்தது. சுருட்டை ஜன்னலோரம் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். கதவு திறக்கும்போதெல்லாம் ஆவலாக நிமிர்ந்து பார்த்தாள். அதைப் பார்க்கப் பார்க்க நெட்டைக்குக் குளுகுளுவென்று இருந்தது. நெட்டையின் நாற்காலியும் காலியாகத்தான் கிடந்தது. எங்கே போய்விடுவார்கள், கடைசியில் என்னிடம்தானே வர வேண்டும் என்று தைரியமாக இருந்தாள்.

ஒரு நாள் காலையில் சுருட்டை வேலைக்கு வரவில்லை. இதுதான் சமயம் என்று நெட்டை முதலாளியம்மா எதிரில் போய் நின்றாள்.

"அம்மா, அக்காவுக்கு இப்ப வாடிக்கையே இல்ல. அந்த ஜன்னலோர நாற்காலியை எனக்குக் கொடுத்தா என்ன?"

"எடுத்துக்கோ. அது உனக்குன்னு எப்பவோ முடிவானதுதான்."

நெட்டைக்குப் புரியவில்லை.

"அவ இனிமே வரமாட்டா. நேத்து வீட்டுல தலை துவட்டக் கையைத் தூக்கியிருக்கா, மறுபடி நழுவிடுச்சு. இந்தத் தடவை ஆபரேஷன்தானாம்."

"ஐயோ" என்றாள் நெட்டை. அது தானாகவே வந்தது.

"டாக்டர் சொன்ன அன்னிக்கே வேலையை விட்டுடறேன்னுதான் வந்தா. அப்புறம் அவளே, 'நான் வரமாட்டேன்னு தெரிஞ்சா என் ஆளுங்கல்லாம் எதிர்க் கடைக்குப் போயிடுவாங்கம்மா. கொஞ்ச நாள் வரேன். பாதித் தலையை நான் வெட்டிட்டு மீதிக்கு இவளைக் கூப்பிடறேன். இவ கை பழகிட்டா அப்புறம் இவளைத்தான் தேடுவாங்க'ன்னு சொன்னா. தெரிஞ்சா நீ சங்கடப்படுவியாம், அதனால உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டா."

நெட்டை ஜன்னலோர நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உட்காரத் தோன்றவில்லை.

"அவகிட்ட தலையைக் கொடுக்க என்ன பயமோ, அவ முன்னாடி உன்கிட்ட உட்கார என்ன கூச்சமோ தெரியல. அப்படியும் எல்லாரும் எதிர்க் கடைக்குத்தான் போயிட்டாங்க," என்றார் முதலாளியம்மா. "காலையில ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தேன். தோள் வலியை விட அதுதான் அவளுக்குப் பெரிய வலியா இருக்கு."

"அக்கா... என்ன சொன்னாங்க?"

"'இவளைப் பத்தி நான் அவங்ககிட்ட இன்னும் நல்லா எடுத்துச் சொல்லியிருக்கணுமோம்மா?'ன்னு திரும்பத் திரும்ப என்னையே கேக்கறா."