பூஜ்யம் யூனிட்

அந்த மாதம் சீதாராமய்யருக்கு வந்த எலெக்ட்ரிக் பில்லில், யூனிட் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தது. மீட்டர் வாடகை எட்டணா மட்டும் கட்டினால் போதும்.

சிம்மக்கல்லில் அவர் குடியிருந்த வீட்டில் ஐந்து விளக்கு. கோடைக்கு வாங்கிய மேஜை ஃபேன் வேறு நாளெல்லாம் ஓடியது. முந்தைய மாதங்களிலும் பில் ஒன்றேகால் ரூபாயைத் தாண்டியதில்லை. அது தன் சிக்கனம் என்றே அவர் நினைத்திருந்தார். ஆனால் பூஜ்யம் எப்படி வரும்?

“பேசாம எட்டணாவைக் கட்டிட்டு வாங்கோ. கூடப் போட்டிருந்தாப் போய்க் கேக்கலாம். குறைச்சுப் போட்டதையுமா கேப்பா?” என்றாள் மனைவி வாலாம்பாள்.

“தப்புன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தா அதுக்குப் பேர் திருட்டு” என்று சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கம்பெனி ஆபீசில் குமாஸ்தா பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஜன்னலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பில் அதிகம் என்று சண்டை போடத்தான் வருவார்கள், குறைவு என்று சொல்ல வந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். வெள்ளைக்கார மானேஜரிடமே கூட்டிப் போனார். மானேஜர் எழுந்து நின்று கை குலுக்கினார்.

சீதாராமய்யர் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். மறுநாள் வாத்தியார்கள் அறையில் இந்தக் கதையை மூன்று தடவை சொல்லும்படி ஆயிற்று. ஹெட்மாஸ்டர் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பையன்களிடம் இதை எடுத்துச் சொன்னார். சீதாராமய்யர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை காலையில் மீட்டரைச் சோதிக்க வயர்மேன் கண்ணுச்சாமி வந்தான்.

பக்கத்து வீட்டில் குடியிருந்தவர் தையற்காரர் அப்துல் வஹீது. இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. எட்டு மாதத்துக்கு முன் இரண்டுக்கும் ஒரே நாளில் எலெக்ட்ரிக் கொடுத்து, நடுச் சந்துச் சுவரில் ஒரே பலகையில் இரண்டு மீட்டரையும் மாட்டியிருந்தார்கள்.

அய்யர் வீட்டில் ஃபேனையும் எல்லா விளக்கையும் போடச் சொல்லிவிட்டு, கண்ணுச்சாமி பலகை முன்னால் நின்றான். அய்யர் வீட்டு மீட்டர் அசையவில்லை. பக்கத்து மீட்டர் சுழன்றது.

“சாமி, எங்க ஆளுக வயரை மாத்திக் குடுத்துட்டாங்க. எட்டு மாசமா உங்க வீட்டுக் கரண்டு பாய் வீட்டு மீட்டர்லயும், அவுக வீட்டுக் கரண்டு உங்க மீட்டர்லயும் ஓடியிருக்கு.”

சீதாராமய்யர் கிட்டே போய்ச் சுழல்கிற மீட்டரைப் பார்த்தார்.

பில் இங்கிலீஷில் இருக்கும் என்பதால் அப்துல் வஹீது இரண்டு தடவை அதை அவரிடம் கொண்டு வந்திருந்தார். முதல் தடவை ஏழு ரூபாய்ச் சொச்சம். “ஒத்த விளக்குக்கு இம்புட்டு வருமா வாத்தியாரய்யா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சீதாராமய்யர் உள்ளே போய்த் தன் பில்லையே எடுத்து வந்து காட்டினார். என் வீட்டில் ஐந்து விளக்கு, ஒன்றேகால் ரூபாய்தான் வருகிறது, மீட்டர் பொய் சொல்லாது, சிக்கனமாக இருக்கப் பழகணும் என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

இரண்டாவது தடவை வந்து ஒன்றரை மாதம் இருக்கும். அப்போது அவர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். பில்லைக் கையில் வாங்கவில்லை. உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் யாரோ வீணாக எரிக்கிறார்கள், அதைப் போய்ப் பாருங்கள் என்று நிமிராமலே சொன்னார். பாய் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். “இவாளுக்கெல்லாம் சிக்கனம்னா என்னன்னே தெரியாது” என்று அன்று அவர் வாலாம்பாளிடம் சொன்னதுகூட இப்போது நினைவுக்கு வந்தது.

கம்பெனியே கணக்குப் பார்த்துப் பாய்க்குத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று கண்ணுச்சாமி சொன்னான். சீதாராமய்யரால் அதுவரை பொறுக்க முடியவில்லை. வீட்டிலிருந்த நாற்பது ரூபாயை எடுத்துக்கொண்டு, அவனோடு பக்கத்து வீட்டுக்குப் போனார். எட்டு மாதத்தில் அந்த வாசலை அவர் தாண்டியது அதுதான் முதல் தடவை.

ஜன்னல் இல்லாத அறை. பட்டப்பகலிலும் பாய் உட்கார்ந்திருந்த தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அரிக்கேன் லாந்தர் எரிந்தது. பித்தான் தைத்துக்கொண்டிருந்த பாயின் மனைவி ஜெயினம்பு, ஆட்களைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கண்ணுச்சாமி விஷயத்தைச் சொன்னான். சீதாராமய்யர் ரூபாயை நீட்டினார்.

“பாய், என்னை மன்னிக்கணும். உங்க பணத்துல நான் விளக்கெரிச்சிருக்கேன்.”

அப்துல் வஹீது ரூபாயைத் தொடவில்லை. கம்பெனிக்காரன் செய்த தப்புக்கு நீங்கள் என்ன செய்வீர்கள், அவன் கொடுக்கும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட சீதாராமய்யருக்குச் சுலபமாக இருந்திருக்கும். ரூபாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

வயரை மாற்றுவதற்கு முன்னால் இந்த வீட்டு லைனையும் பார்த்துவிடுகிறேன் என்று கண்ணுச்சாமி சுவிட்சைத் தட்டினான். ஒன்றும் எரியவில்லை. அண்ணாந்து பார்த்தான். வயர் நுனியில் பல்பைக் காணோம்.

“பொட்டிக்குள்ள இருக்கு, எடுத்தாரேன்” என்று பாய் எழுந்தார்.

“எப்போ கழட்டினேள்?” என்று கேட்டார் சீதாராமய்யர்.

“ரெண்டாந்தடவ நீங்க சொன்ன அன்னிக்கே கழட்டிட்டேன். அப்பயும் பில்லு குறையல. மறுபடி வந்து கேட்டா, எரிச்சுக்கிட்டே நான் பொய் சொல்றதா நெனச்சுருவீகளோன்னு வெக்கமாப் போச்சு வாத்தியாரய்யா, அதான் வரல.”